கழுவிய சீனி

"சீனி மூட்டை எங்க அந்தோனியம்மா?"

"கழுவிட்டோங்க சார்."

சிறில் மாஸ்டருக்குத் தலை சுற்றியது. கோயில் சாமான் அறையில் வெறும் சாக்கு மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் பாதர் வந்து தேயிலைத் தோட்டத்து லயக் குடும்பங்களுக்குத் தன் கையாலேயே சீனி அளந்து கொடுப்பதாக ஏற்பாடு. அந்த எழுபத்து நாலாம் வருடம் கடையில் சீனியைக் கண்ணால் பார்ப்பதே பெரிய காரியம். வெளிநாட்டுச் சபை ஒன்று, தங்களுக்கு மிஞ்சியது என்று அனுப்பிய சாமான்களில் ஒரே ஒரு சீனி மூட்டைதான் இருந்தது. அதற்குப் பொறுப்பு மாஸ்டர். இந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்குவதற்குள் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"சீனியை யாராவது கழுவுவாங்களா?"

"நீங்கதான சார் பூசை முடிஞ்சு எங்கள நிக்க வச்சு சட்டம் சொன்னீங்க. தானமா வந்த சாமான்ல எறும்பு பட்டா கழுவாம குடுக்கக்கூடாதுன்னு. நீங்க கண்டிக்குப் போன அன்னைக்கே மூட்டை பூரா எறும்பு."

"நான் டின்னைச் சொன்னேன். போத்தலைச் சொன்னேன்."

"சீனியத் தவிரன்னு சொல்லலியே."

கோயில் கூட்டுகிறவளிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று மாஸ்டர் நொந்துபோனார். வாசலில் திருநாள் அண்டா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. பாதரை வரவேற்கத் தேத்தண்ணி போலிருக்கிறது. அவள் ஒரு கோப்பை நீட்ட, கோபத்தில் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையைத் திரும்ப நீட்டினார். மலைக்குளிருக்கு அது தொண்டையில் இதமாக இறங்கியது.

"இதை மட்டும் நல்லா போடுங்க. மூட்டை கரைஞ்சு போச்சுன்னு பாதர்கிட்ட எந்த முகத்தோட சொல்லுவேன்? லயத்துப் பிள்ளைங்க வாயில ஒரு கரண்டி சீனியாவது பட்டிருக்குமே."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. இரண்டாவது கோப்பையும் காலியானது.

"சுடுதண்ணியிலதான கழுவுனீங்க?" என்று கேட்டார். தான் சொன்ன சட்டமாவது மிஞ்சட்டும்.

"கொதிக்கக் கொதிக்க, சார். எறும்பெல்லாம் துணியில வடிகட்டியாச்சு."

"கழுவுன தண்ணிய எங்க கொட்டுனீங்க? பீலிப் பக்கமா?"

"சேச்சே. சனம் குடிக்கத் தண்ணி பிடிக்கிற எடமாச்சே. ஆள் கால் படாத எடமாப் பாத்து ஊத்தணும்னு சொன்னீங்க. இந்த லயத்துல அப்படி ஒரு எடம் எங்க சார் இருக்கு? ரொம்ப யோசிச்சோம்."

"யோசிச்சு?"

அந்தோனியம்மா அண்டாவில் மொண்டு மூன்றாவது கோப்பையை அவர் கையில் வைத்தாள்.

"கொஞ்சம் தேயிலையப் போட்டு, நேத்திலேருந்து லயத்துச் சனம் பூரா வயித்துலதான் ஊத்திக்கிட்டிருக்கு. குடிங்க சார், பாதருக்கும் எடுத்து வச்சிருக்கோம்."