ரகசியப் பை

தையல்கார அக்காவின் கூடத்தில் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு வந்து, மேசைமேல் கிடக்கும் வெளிநாட்டு நோட்டுகளில் விழுகிறது. நாளை யாத்திரை கிளம்பும் குழுவின் கைச்செலவுப் பணம் மொத்தமும் அதுதான், பொறுப்பு வாத்தியாருடையது. அவருடைய கால்சட்டையின் உள்பக்கம், இடுப்புக்குக் கீழே, ரகசியப் பை தைத்து முடித்த அக்கா நூலைப் பல்லால் கடிக்கிறாள். "இனி எந்தத் திருடனும் கை வைக்க முடியாதுண்ணே." வாத்தியார் திரைச்சீலைக்குப் பின்னால் போய் உடுத்திக்கொண்டு, நோட்டுகளை உள்ளே அடுக்கி, புது மாப்பிள்ளை மாதிரி வந்து நிற்கிறார். "சரி, இப்ப வழியில ஒரு டீ குடிக்கணும். காசை எடுங்க பாப்போம்" என்கிறாள் அவர் மனைவி. அவர் இடுப்பில் கையை விட்டு நெளிகிறார், பெல்ட்டைத் தளர்த்துகிறார், சட்டென்று மறுபடி திரைச்சீலைக்குப் பின்னால் ஓடுகிறார். கம்பியில் வளையங்கள் கிணுகிணுக்கின்றன. துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஒரு கையில் மொறமொறப்பான ஒற்றை நோட்டும் மறு கையில் நழுவும் கால்சட்டையுமாக வெளியே வந்து, "எடுத்தாச்சு" என்கிறார் பெருமையாக. அக்கா ஊசியில் மறுபடி நூல் கோக்கிறாள். "சட்டையைக் கழட்டிக் குடுங்கண்ணே, பையை அதுக்குள்ள தைச்சுத் தரேன். அங்க போய் சாமி கும்பிட ரெண்டு கையும் வேணும்ல."