சனிக்கிழமை ஒழுகும் வண்டி

“இங்கேருங்க, திரும்பவும் ஒழுகுது!”

ஜெபசுதா வாசலில் நின்று வீட்டுக்குள் பார்த்துக் கத்தினாள். காருக்கு அடியில், சிமெண்டுத் தரையில் எண்ணெய் கறுப்பாகப் பரவியிருந்தது.

கேட்டைத் திறந்துகொண்டு வந்த அவள் தம்பி பிரைட்டன் சிரித்தான்.

“ஹார்பர் வரைக்கும் கேக்குது அக்கா. அத்தானுக்குக் கேக்கலியா?”

“கேக்கும். வருவாக.”

எழுபத்திரண்டாம் வருஷத்து அம்பாசிடர். முன்சக்கரங்கள் இரண்டும் சாய்வான இரும்பு ரேம்ப்களின் மேல் ஏறி நின்றன. ஆள் அடியில் படுத்து வேலை பார்ப்பதற்காக அவள் கணவர் எஸ்றா தன் கையால் வெல்டிங் வைத்துச் செய்தவை. துறைமுக ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர்.

மஸ்கட்டில் வேலை பார்த்த மகன் பெவின் இறந்து ஒன்பது மாதம் ஆகிறது. அன்றிலிருந்து எஸ்றா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சர்ச்சுக்கும் போவதில்லை.

“இன்னும் அப்படியேதான் கெடக்காரா?” பிரைட்டன் குரலைத் தாழ்த்தினான்.

“சனிக்கிழம மட்டும் எந்திப்பாக. வண்டி ஒழுகுதுல்லா. அடியில போனா மேலெல்லாம் எண்ண. குளிச்சுத்தான ஆவணும். குளிச்சா பசிக்கும். ரெண்டு தோசை கூடப் போவும்.”

“அதெப்படி வாராவாரம் ஒழுகும்? ஒரேயொரு போல்ட்டு. கப்பலுக்கே போல்ட்டு முறுக்குன ஆளு!”

“கை பழைய மாதிரி இல்லலே.”

“அதான் சொல்லுதேன். ஒரு போல்ட்ட இறுக்க முடியாதவரு, ஒரு டன் வண்டிக்கு அடியில படுக்கலாமா? என்னைக்காவது ஒண்ணு ஆச்சுன்னா? ரிசார்ட்டுக்காரர் ஒருத்தரு வாசல்ல காட்சிக்கு நிப்பாட்டக் கேக்காரு. மத்தியானம் டிரைவர் வாரான். கொண்டு போயிருவான்.”

ஜெபசுதாவின் முகம் மாறியது.

“இன்னைக்கேவா?”

“நீதான போன்ல பொலம்புன? தரை பூரா எண்ண, தொடச்சுத் தொடச்சு இடுப்பே போச்சுன்னு?”

“பொலம்புனா ஒடனே கெளம்பி வந்துருவியோ? எனக்குக் கண்ணு ஆபரேசன்னப்ப எட்டிப் பாக்காதவன், வண்டிக்கு வந்துட்டான்.”

எஸ்றா வெளியே வந்தார். பத்து நாள் தாடி. மடித்துக் கட்டிய லுங்கி, பழைய காக்கிச் சட்டை.

“வா மாப்ள,” என்றார். நேராகப் பின்சக்கரங்களுக்குப் போனார். சக்கரத்துக்கு இரண்டாக நான்கு கற்கள் அடை கொடுத்திருந்தன. ஒவ்வொன்றையும் காலால் மிதித்துப் பார்த்தார். கதவைத் திறந்து ஹேண்ட் பிரேக்கைச் சோதித்தார். ரேம்ப்பைப் பிடித்து ஆட்டினார். பிறகு தோளைக் கொடுத்து வண்டியையே தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை.

பிரைட்டனுக்குப் பொறுக்கவில்லை.

“உயிரோட இருந்து என்ன செய்யன்னு கேட்டியளாம். அக்கா சொல்லி அழுதா. அப்படிப்பட்ட ஆளுக்கு எதுக்கு அத்தான் நாலு கல்லு?”

எஸ்றா ஐந்தாவதாக ஒரு கல்லைத் தேடி எடுத்து வந்து வைத்தார்.

“வேல முடிஞ்சா கீழ எறக்குனா என்ன? வாரம் பூரா ரேம்ப் மேலேயே நிக்கணுமா?”

“நிக்கட்டும்.”

பிரைட்டன் ரிசார்ட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னான். எஸ்றா தரையில் கிடந்த எண்ணெயைப் பார்த்தபடி கேட்டார்.

“ஒங்க அக்கா என்ன சொல்லுதா?”

“அவதான பொலம்புதா.”

“அவகிட்டயே கேட்டுக்கோ.”

இருவரும் ஜெபசுதாவைப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் காப்பி போடுதேன்,” என்று உள்ளே போய்விட்டாள்.

எஸ்றா சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். பிரைட்டன் சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு மறுபக்கத்திலிருந்து நுழைந்தான். செல்போன் விளக்கை மேலே பிடித்தான். எஞ்சினுக்கு அடியில், ஆயில் இறக்கும் போல்ட்டின் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

எஸ்றா அதைத் துணியால் துடைத்தார். இரண்டு விரலால் போல்ட்டைப் பிடித்து, ரேடியோவில் சத்தத்தைக் கூட்டுவது போல மெதுவாகத் திருகினார். நின்ற இடத்தில் விட்டார்.

“முடிஞ்சுது,” என்றார்.

பிரைட்டன் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தான்.

“அத்தான், இது வெறும் கைமுறுக்கு! ஒழுகாம என்ன செய்யும்? ஒங்களால முடியலன்னா சொல்ல வேண்டியதுதான? எதுக்கு வீம்பு? தள்ளுங்க, டிரைவர் வாரதுக்குள்ள நான் இறுக்கிருதேன்.”

சாக்கின் ஓரத்தில் கிடந்த ஸ்பேனரை எடுத்தான். எஸ்றா அவன் கையைப் பிடித்தார். அந்தப் பிடியில் பிரைட்டனுக்கு மணிக்கட்டு வலித்தது.

“என்னத்தான்?”

எஸ்றா தலையை நீட்டி வீட்டுப் பக்கம் பார்த்தார். அடுக்களையில் டம்ளர்களின் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வேண்டாம் மாப்ள. ஸ்பேனர் போட்டு இறுக்குனா ஒங்க அக்காவால கழட்ட முடியாது.”