கோணல் கடிகாரம்

“கடிகாரம் இப்படிச் சாய்ஞ்சு தொங்குது, உன் கண்ணுக்குத் தெரியலையா?”

வந்து பையைக்கூட இறக்கவில்லை, அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

“அவசரத்துல மாட்டினேன் அண்ணி” என்று தம்பி மனைவி மழுப்பினாள்.

கூடத்தில் இருந்த கடிகாரம் படுக்கையறைக்கு ஏன் வந்தது என்பதே அக்காவுக்குப் புரியவில்லை. தம்பி பட்டாளத்துக்காரன். செருப்பு ஒரு விரற்கடை விலகினாலும் வீட்டை இரண்டாக்குகிறவன். அவன் கட்டிலடியில் ஷூ ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. ஆணியில் மாட்டிய சட்டையில் பொத்தான்கள் ஓட்டை மாறிப் பூட்டியிருந்தன. அவனோ கடிகாரச் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தான்.

“எப்படிடா இருக்கே?”

“ம்.”

அக்கா சமையலறைக்கு வந்தாள். “தேறிட்டானே! சண்டையிலேருந்து வந்த புதுசுல கதவு அடிச்சாலே கட்டிலுக்கடியில பாய்வான். இப்ப குக்கர் இந்தக் கத்து கத்துது, அசையலையே!”

“அது தேறினது இல்ல அண்ணி. பயந்து பயந்து மனசே ஓய்ஞ்சு போச்சாம், டாக்டர் சொன்னார். மாத்திரை குடுத்திருக்கார். வாராவாரம் பேசவும் கூட்டிட்டுப் போறேன். ஆனா சிரிப்பு இல்ல, பேச்சு இல்ல. தானா எழுந்து உக்காந்தாப் போதும்னு இருக்கு.”

“வீட்டை இந்த லட்சணத்துல வச்சிருந்தா எவன் எழுந்து உக்காருவான்?”

அக்கா முக்காலியை இழுத்துக்கொண்டு கடிகாரத்தை நோக்கி நடந்தாள். தம்பி மனைவி பதறி ஓடிவந்தாள். “வேண்டாம் அண்ணி, விட்டுடுங்க!”

“ஏன், நேரா மாட்டினா மணி காட்டாதா?”

கட்டில் கிறீச்சிட்டது.

“அக்கா, நீ எறங்கு. உனக்கும் வராது.” தம்பி எழுந்து நின்றான். குரல் கரகரத்தது. கடிகாரத்தை நேராக்கினான். சட்டையைப் பார்த்தான். “இதை யாரு பூட்டினது? கண்ணை எங்க வச்சிருந்தே? ஷூவைப் பாரு, சண்டை போட்டுக்கிட்ட மாதிரி!”

“வந்த அன்னைக்கே இவளைத் திட்டு வாங்க வச்சிட்டேனே” என்று நொந்துகொண்டு அக்கா சமையலறைக்குத் திரும்பினாள்.

தம்பி மனைவி சமையலறை மூலையில் போனும் கையுமாக நின்று, அழுதுகொண்டே சிரித்தாள்.

“டாக்டர், அவர் என்னைத் திட்டிட்டார்! எழுந்து நின்னு திட்டிட்டார்!”

போனை வைத்துவிட்டு அக்காவின் காதருகே குனிந்தாள். “தினம் ஒண்ணாப் பார்த்துப் பார்த்துக் கோணலாக்கினேன் அண்ணி. நாளைக்குக் காலையில ஷூ லேஸை மாத்திக் கோர்க்கணும், கூட ஒரு கை குடுங்க.”