வேர்த்த சட்டை

"ரத்தமா வாந்தி எடுத்தா வேற என்ன காரணம் இருக்கும்? மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சுட்டார், அவ்வளவுதான்!"

ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பாராமல் அவள் வெடித்தாள்.

"மெதுவா பேசும்மா," என்றார் அண்ணன்.

"என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணவர்ண்ணா! தினமும் லேட்டா வர்றார். சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு. கேட்டா, வெல்டிங் பட்டறையில வேலையாம். பட்டறையைச் சாயங்காலமே பூட்டிடறாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"வாடை வந்துச்சா?"

"சட்டையை மோந்து பார்க்காத நாளே இல்ல. வேர்வை வாடைதான். எதையாவது மென்னுட்டு வருவார். அனுபவஸ்தர் இல்லையா!"

"நாய் வாலை நிமிர்த்த முடியாது. நீ நம்ம வீட்டுக்கு வந்துடு."

"துணியெல்லாம் எடுத்து வெச்சாச்சு."

வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் வெளியே வந்தார்.

"எவ்வளவு குடிச்சிருக்கார் டாக்டர்? மறைக்காம சொல்லுங்க."

"ஒரு சொட்டுகூட இல்லம்மா. வயித்துக்குப் போற ரத்தம் குறைஞ்சு, உள்பக்கம் புண்ணாகிக் கசிஞ்சிருக்கு."

"ரத்தம் ஏன் குறையணும்?"

"இந்தப் புழுக்கத்துல, தண்ணிகூடக் குடிக்காம வெறித்தனமா ஓடினா, ரத்தமெல்லாம் காலுக்குப் போயிடும். வயிறு பட்டினி கிடக்கும். ரொம்ப தூரம் ஓடறவங்க சிலருக்கு இப்படி வரும். இவர் எந்தப் பந்தயத்துக்கு ஓடறார்?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத மனுஷன்!

கட்டிலில் கணவர் வெளுத்துப்போய்க் கிடந்தார்.

"எதுக்குங்க ஓடினீங்க?"

"பட்டறை விட்டதும் கால் தானா கடைப்பக்கம் போகும். அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பி ஓட ஆரம்பிச்சுடுவேன். ஆசை அடங்கற வரைக்கும் நிக்க மாட்டேன். நேத்து அது அடங்கவே இல்ல."

அந்தச் சட்டையைத் தினமும் மோந்து பார்த்தவள்தானே! பாவி, பாவி என்று தன்னையே நொந்துகொண்டாள். அண்ணன் மெல்ல வெளியே நழுவினார்.

"தெருத்தெருவா ஓடினதுக்கு, நேரா வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"முதல் நாள் வீட்டுக்குத்தான் ஓடி வந்தேன்," என்றார் அவர். "மூச்சு வாங்கினதுல பேச்சு குளறிச்சு. நீ கதவைச் சாத்திட்டே."