கடற்கரைச் செடி

"இதுவும் போச்சு." கமலாட்சி தொட்டியை மேசைமேல் வைத்தாள். உள்ளே ஒரு குச்சி கறுத்து நின்றது.

ருக்மணி குச்சியை நகத்தால் கீறிப் பார்த்தாள். பச்சையே இல்லை. அது 'வெலுத்தியே' என்கிற செடி, இந்தத் தீவின் கரையோரம் தானாக முளைக்கிற புதர். உப்புக் காற்றிலும் வெறும் மணலிலும் வளரும். அதைச் சாகடிப்பதுதான் கஷ்டம்.

காத்ர் போர்ன் நகரில் அப்பா விட்டுப்போன நாற்றுப் பண்ணையை அவள் தனியாக நடத்தத் தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக் கடற்கரையில் எழும்பும் புது ஓட்டலுக்கு, திங்கட்கிழமை லாரி நிறைய இதே செடி போக வேண்டும். அடிக்கடி செடி வாங்க வரும் இந்த அக்காவின் வீடும் அதே கடற்கரையில்தானாம். அங்கே ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

"தண்ணீர் அதிகமாக ஊற்றினீர்களா, அக்கா?" கோயில் மாலை வகுப்பில் கற்ற தமிழில் கேட்டாள்.

"'ஊற்றினீர்களா'வா! மேடைல பேசுற மாதிரியே இருக்குடி." கமலாட்சி சிரித்தாள். "நான் ஒரு சொட்டுகூட ஊத்தலை."

"நிழலில் வைத்தீர்களா?"

"வாசல்ல, திறந்த வெளிலதான்."

ருக்மணி தொட்டி மண்ணைக் கிள்ளினாள். சேறாக ஒட்டியது. விற்கும்போதே மண் கலவையில் தப்புச் செய்துவிட்டோமோ என்று பட்டது.

கமலாட்சி அதற்குள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கம்பளிச் சட்டையைக் கழற்றி மடித்தாள். "இவர் மில்லுக்குப் போனா ராத்திரிதான் வர்றார். பக்கத்து வீட்டுக்காரர் ஆன்றி கிரியோல் பாஷைல என்னமோ சொல்வார், நான் தலையாட்டுவேன். எங்க கும்பகோணத்துல இப்போ..."

ருக்மணியின் காதில் எதுவும் விழவில்லை. மனம் லாரியைச் சுற்றியது.

"அக்கா, கடையை மூடுகிறேன். உங்கள் வீட்டு மண்ணை நான் பார்க்க வேண்டும்."

கமலாட்சியின் முகம் மாறியது. "ஐயோ, அதெல்லாம் எதுக்கு? இன்னொரு செடி குடு, போதும்."

"நொன், முடியாது, அக்கா! அங்கே சாகிறது என்றால் ஓட்டலுக்கு நான் என்ன பதில் சொல்வது?"

கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவளைப் பஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனாள். வழியெல்லாம் கமலாட்சி பின்தங்கியே நடந்தாள்.

ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக் பஸ் வந்து நின்றது. ருக்மணி படியில் கால் வைத்துத் திரும்பினாள். கமலாட்சி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"வாருங்கள், அக்கா! வித், வித், சீக்கிரம்!"

கண்டக்டர் சத்தம் போட்டான். ருக்மணி இறங்கிக்கொண்டாள். பஸ் போய்விட்டது.

"உன் செடி மேல ஒரு குத்தமும் இல்லை, ருக்மணி. லாரியைத் தைரியமா அனுப்பு." கமலாட்சி தலை நிமிரவில்லை. "கடற்கரைன்னு சொன்னது பொய். என் வீடு மலைமேல, கியூர்பிப்ல. தினமும் மழை."

"அப்படியென்றால் அது சாகும் என்று தெரிந்தே வாங்கினீர்களா? ஏன்?"

"பிழைச்சிட்டா, என்ன சொல்லிக்கிட்டு உன்கிட்ட வருவேன்?"