அப்பாவின் போனுக்கு வந்த எண்

திரையில் ஒரு சின்னக் கட்டம். அதற்குக் கீழே நொடிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

கட்டத்துக்குள் போட வேண்டிய எண் அவளிடம் இல்லை. அப்பாவின் போனுக்குப் போயிருந்தது. அப்பா மார்க்கெட் ரோட்டில் எங்கேயோ, தண்ணீர் கேன் வண்டியில் இருந்தார்.

மடியில் வேதியியல் புத்தகம் விரிந்து கிடந்தது.

பள்ளி விட்டு ஸ்பெஷல் கிளாஸ் தொடங்குவதற்குள் பிரவுசிங் சென்டரில் விண்ணப்பத்தை முடிப்பது, பக்கங்கள் திறக்கக் காத்திருக்கிற நேரத்தில் கரிமச் சேர்மங்களையும் முடிப்பது. இதுதான் திட்டம். திட்டம் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

பிளஸ் டூ திருப்புதல் தேர்வும் கல்லூரி விண்ணப்பமும் தலைக்குள் ஒன்றோடொன்று கலந்துபோயிருந்தன. நேற்று இயற்பியல் தாளில் பதிவெண் கேட்ட இடத்தில், விண்ணப்பத்துக்காக மனப்பாடம் செய்திருந்த ஆதார் எண்ணை எழுதினாள். கட்டம் போதவில்லை. சந்தேகமே படாமல் விளிம்பு வரை நீட்டி எழுதிவிட்டு வந்தாள். இங்கே, தந்தை செய்யும் தொழில் என்ற இடத்தில் H2O வரை தட்டிவிட்டு அழித்தாள்.

“என் போன்ல கூப்பிடு,” என்றாள் சென்டர் வைத்திருக்கும் அக்கா. “இன்னிக்குத்தான் கடைசி நாளு. ஆறு மணிக்கு வெப்சைட்ட மூடிருவான்.”

கூப்பிடலாம். அதில்தான் சிக்கல்.

கல்லூரி சென்னையில் இருந்தது. படிப்பு ஜியாலஜி. கல், மண், பூமிக்கு அடியில் இருப்பதெல்லாம். அவளுடைய பையின் ஓர அறையில் எப்போதும் நாலைந்து கற்கள் கிடக்கும். ஒருமுறை பையைச் சோதனை போட்ட டீச்சர், யார் மேலோ எறிவதற்கு வைத்திருக்கிறாள் என்று முடிவுகட்டினார்.

அம்மாவுக்குத் தெரியும். “கல்லப் படிக்க அம்புட்டுத் தூரம் போகணுமாக்கும்? நம்ம ஊர்ல கெடக்காத கல்லா?” என்று கேட்டுவிட்டு, “உங்க அப்பாட்ட நீயே சொல்லிக்கோ” என்று கழன்றுகொண்டாள்.

சொல்வதற்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். ஒவ்வொரு நாளும் மறுநாள்தான் நல்ல நாளாகத் தெரிந்தது.

அப்பா வேறு மாதிரி முடிவு செய்திருந்தார். காலையில் முதல் கேனை அவர் இறக்குவதே உள்ளூர்ப் பெண்கள் கல்லூரி வாசலில்தான். ஜூன் மாதத்திலிருந்து கேனோடு மகளையும் இறக்கிவிடுவதாக வாட்ச்மேனிடம் சொல்லிவைத்திருந்தார். வாட்ச்மேனும் சம்மதித்துவிட்டார்.

அவள் கூப்பிட்டாள்.

“யப்பா, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதச் சொல்லுங்க.”

அப்பாவின் குரல் சட்டென்று போலீஸ்காரர் குரலாயிற்று.

“யாரு பேசுதது?”

“நாந்தாம்ப்பா.”

“எம்மவகிட்ட போனே கிடையாதே.”

பேங்க்காரர்கள் வந்து கூட்டம் போட்டுப் போனதிலிருந்து அப்பா இப்படித்தான். நம்பர் கேட்டு யார் கூப்பிட்டாலும் கொடுக்கக் கூடாது, வீட்டு ஆள் குரலில்கூடப் பேசுவான் என்று சொல்லியிருந்தார்கள்.

“எம்மவன்னா, நேத்து ராத்திரி நான் என்ன சாப்பிட்டேன்னு சொல்லு பாப்போம்.”

“நீங்க எங்க சாப்பிட்டீய? அம்மா கூடச் சண்ட போட்டுட்டுப் படுத்தாச்சு. பொறவு சத்தமில்லாம எந்திரிச்சுப் போயி முறுக்கு தின்னீய.”

“மெதுவாப் பேசுட்டி,” என்றார் அப்பா. பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும்.

போனைக் கண்ணுக்குத் தோதாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். குரல் தூரத்திலிருந்து வந்தது. நம்பரை மட்டும் சொல்லுங்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் நடக்காது. மாத்திரை அட்டையைக்கூட மேலிருந்து கீழ்வரை படிக்கிற மனிதர்.

இங்கிலீஷை எழுத்துக் கூட்டினார்.

“அப்ளி… அப்ளிகேஷன். காலேஜ்.”

அடுத்த சொல்லைக் கூட்டவில்லை. பஸ் பலகைகளில் பார்த்துப் பழகிய சொல்.

“சென்னை.”

வண்டியின் இன்ஜின் சத்தம் நின்றது.

வண்டியை நடு ரோட்டில் நிறுத்தியிருப்பார் போல. பின்னால் ஒரு ஹாரன் கேட்டது. இன்னொன்று. யாரோ “யோவ்” என்றார்கள்.

நொடிகள் இறங்கின.

ஒரு மாதமாக ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் அவளிடம் இருந்தன. முதல் வாக்கியம், ‘யப்பா, கோவப்படாம கேளுங்க.’ இரண்டாவதைத் தேடினாள். பென்சீன் வளையம்தான் வந்தது.

“நாந்தாம்ப்பா,” என்றாள்.

அதை ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

கட்டம் வெளிறியது. நேரம் முடிந்துவிட்டதாகச் சிவப்பில் ஒரு வரி வந்து நின்றது. அக்கா திரையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பிரிண்டருக்குத் தாள் வைக்க எழுந்து போனாள். அதில் தாள் இருந்தது.

அவள் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தாள். ஸ்பெஷல் கிளாஸில் இந்நேரம் பெயர் கூப்பிட ஆரம்பித்திருப்பார்கள். போனை மட்டும் காதிலிருந்து எடுக்கவில்லை.

“ஏட்டி.”

“ம்.”

“அந்த நம்பரு இதுக்குள்ள செத்திருக்கும்லா?”

“ஆமாப்பா.”

ஹாரன்கள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தன.

“இன்னொன்னு அனுப்பச் சொல்லு,” என்றார் அப்பா. “இரு, வண்டிய ஓரமாப் போட்டுக்கிடுதேன்.”