பி பாசிட்டிவ்: யாருமில்லை

நேற்று காலையில்தான் ஆஸ்பத்திரிக்காக நான் எழுதிய ரத்ததான இணையப் பக்கத்தை ஓட விட்டேன். ரத்த வகையை அழுத்தினால், கொடுக்கச் சம்மதித்தவர்களின் பெயரும் போன் நம்பரும் வரும்.

இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து மெயில். உரக்கவே படித்தேன்.

உங்கள் பக்கம், பி பாசிட்டிவ் கேட்டால் யாருமில்லை என்கிறது. நேற்று மதியம் ஒரு பிரசவத்தில் அவசரமாகத் தேவைப்பட்டது.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று எழுதவில்லை. பட்டியலைத் திறந்து பார்த்தேன். பட்டியலில் பி பாசிட்டிவ் நாற்பத்திரண்டு பேர்.

எதிர் மேஜையில் என்னோடு வேலை செய்யும் அபிசாய் இரண்டு ஆள் சாப்பிடும் அளவு மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தான். நேற்று மதியம் சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போனவன். சுவா நகரத்தின் இந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை வேறு. எங்கள் இரண்டு ஊருக்கும் பழைய தௌவு முறை; எவ்வளவு கேலி செய்தாலும் கோபப்படக் கூடாது. என் மூக்கைக்கூட அவன் விட்டுவைத்ததில்லை.

இன்று கேலி இல்லை. "மைனஸ் போட்டுப் பாத்தாச்சுல்ல? பிளஸ்ஸையும் ஒரு தடவ போட்டுப் பாரு" என்றான்.

அதேதான். அழுத்திய வகை வலை முகவரியில்தான் போகும்; அதில் பிளஸ் குறியை அப்படியே அனுப்பினால், படிக்கிற இடத்தில் அது வெற்றிடமாகிவிடும். அதை மாற்றி அனுப்ப, நிரல் மொழியோடு வரும் லைப்ரரியிலேயே ஃபங்ஷன் இருக்கிறது. ஒரே வரி. நான்தான் பெரிய மேதாவி மாதிரி அதை விட்டுவிட்டு முகவரியைக் கையால் ஒட்டியிருந்தேன். சோதித்ததும் நெகட்டிவ் வகைகளை மட்டும். கிடைக்காத ரத்தம்தானே முக்கியம் என்று.

திருத்தினேன். நாற்பத்திரண்டு பெயர்களும் வந்தன.

நேற்று என்னென்ன தேடினார்கள் என்ற பதிவைத் திறந்தேன். பிளஸ் விழுந்துபோய், வெறும் பி, பி, பி. பதினேழு முறை அழுத்தியிருக்கிறார்கள். பாவி நான்.

பதினெட்டாவது முறை, பி நெகட்டிவ். பாசிட்டிவ்காரர்களுக்கும் அதை ஏற்றலாம். பட்டியலில் அந்த வகைக்கு ஒரே ஒருவர்தான்.

பெயரைப் பார்க்கத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

"தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்கம்மா" என்றார் நர்ஸ். "அந்த நெகட்டிவ் ஆளு பத்தே நிமிஷத்துல ஓடி வந்தாரு. நாங்க உங்க பக்கத்தத் திட்டிட்டே இருந்தோம். அவருதான், பாவம், விடுங்க, அவ சரி பண்ணிடுவான்னாரு."

போனை வைத்தேன். நிமிர்ந்து எதிர் மேஜையின் முழுக்கைச் சட்டையையே பார்த்தேன்.

"என்ன முறைக்கிற, கிழங்கு வேணுமா?" என்றான் அபிசாய், சட்டைக் கையை மடிக்காமலே.